உன் நிறத்திலேயே ஒரு படம்

என் செல்லக் கறுப்பிக்கு,

இப்படி உன்னைக் கூப்பிட உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை என்று சொல்லுவாய். வேறு யாராவது சொன்னால் கடித்துக் குதறிவிடுவாய். அந்த உரிமையை வைத்துக்கொண்டு உன் அண்ணன் கடைசியில் என்ன செய்தான் என்று உனக்குத் தெரியாது, தர்ஷி. தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கையாலும் தொடமாட்டாய்.

அடுத்த கிழமை உன் ஆட்டைத் திவசம். பத்திரிகையில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டும். எங்கள் சனத்தைப் பற்றி உனக்குத் தெரியும்தானே. படத்தோடு பத்திரிகையில் வராவிட்டால் செத்தவர் ஒழுங்காகச் சாகவில்லை என்றே நினைத்துக்கொள்ளும். எந்தப் படத்தைப் போடுவது என்றுதான் இவ்வளவு நாளும் நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் கேட்கவும் பயம், கேட்காமல் போடவும் பயம்.

முதலில் ஊர்ப் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தை நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. சந்தியில் செக்பொயின்றை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள். போன மாதமும் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். அம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து, மேலே போக விடச் சொல்லி ஆமிக்காரனோடு சண்டை. என் கொமினிகேஷன் கடை ஓடுகிறது. பின் பெட்டிக்குள் நின்று லண்டனுக்குக் கதைக்கிறவர்கள் இப்போதும் வத்தளைக்குக் கேட்கிற மாதிரித்தான் கத்துகிறார்கள். நீ இருந்து பார்க்கிற அந்த மூலைக் கொம்பியூட்டர் செத்துப்போய்விட்டது. நான் திருத்தவில்லை.

அந்தக் கொம்பியூட்டரில்தான் உன் கூத்து எல்லாம் தொடங்கியது. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏதோ இழவு வீட்டுப் பாட்டுக் கேட்பாய். பிறகு கறுப்பு உடுப்பு, கறுப்பு நகம், கறுப்பு உதடு, கழுத்தில் ஒரு பெரிய வெள்ளிச் சிலுவை. சைவப் பிள்ளைக்கு எதற்குச் சிலுவை என்று அம்மா பதறினா. அது சாமி இல்லையம்மா, இதுக்குப் பேர் கோத், இது ஒரு ஸ்ரைல் என்றாய்.

"கோத்தோ கோதாரியோ, வெள்ளிக்கிழமையில மட்டும் கறுப்புப் போடாதை" என்று அம்மா முடித்துக்கொண்டா.

அந்தப் படங்களை எனக்கும் காட்டினாய். எல்லோரும் வெள்ளைக்காரர். அதற்கும் மேலே வெள்ளை பூசிய வெள்ளைக்காரர். அதைப் பார்த்துவிட்டு நீயும் ஒருநாள் முகப்பவுடர் ரின்னில் பாதியை முகத்தில் கொட்டிக்கொண்டு வந்து நின்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நீத்துப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறாய்" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு குளியலறைக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினாய். கழுவி முடித்து வந்தபோது கண் சிவந்திருந்தது. சவர்க்காரம் பட்டுவிட்டது என்றாய், நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

கொள்ளுப்பிட்டிப் பக்கம் அந்தப் பாட்டுக் கச்சேரி ஞாபகம் இருக்கிறதா? தனியாக விட அம்மா சம்மதிக்கவில்லை, அதனால் காவலுக்கு என்னை அனுப்பினா. உள்ளே போனால் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள், இங்கிலிஷ் தவிர வேறு பாஷை இல்லை. மூஞ்சி முழுக்க வெள்ளை அடித்த ஒரு பொடியன் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது உங்களைப் போன்ற நிறத்துக்குச் சரிவராது, கரண்ட் போன வீடு மாதிரி இருக்கிறது என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அசையவில்லை. "இருட்டுத்தான் பிடிக்கும் எண்டு பாட்டுப் படிக்கிறீங்க, இருட்டுக் கிட்ட வந்தாப் பயப்பிடுறீங்களோ?" என்று இங்கிலிஷிலேயே திருப்பிக் கொடுத்தாய்.

அப்போது உன் அண்ணன் எங்கே நின்றான் தெரியுமா? சோடா விற்கிற மேசையில், உன்னைத் தெரியாதவன் மாதிரி, மிச்சச் சல்லியை எண்ணிக்கொண்டு. உன்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு வந்து கை கொடுத்தது ஷெரின். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, உன்னைவிட ஒரு பிடி கூடின கறுப்பு, அவளும் அதே கோலம். "நீங்க சொன்னீங்களே ஒரு வார்த்தை, நான் ரெண்டு வருசமா அதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அன்று அங்கே உனக்கு ஆள் சேர்ந்தது. சேர வேண்டிய முதல் ஆள் நானாக இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ பவுடரைத் தொடவே இல்லை. முகத்துக்குக் கொஞ்சம் எண்ணெய், கண்ணுக்கு அம்மாவின் மைச்சிமிழ், உதட்டுக்கு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஒரு லிப்ஸ்ரிக். வெள்ளி போட்டால் உன் தோலில்தான் அது வெள்ளியாகத் தெரிந்தது. "அண்ணா, வெள்ளைக்காரிக்குக் கறுப்பு வெறும் உடுப்பு. நாங்கள் உடுப்போட பிறந்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாய். அழகாகத்தான் இருந்தாய். நான் சொன்னது என்ன? "செக்பொயின்றில பிடிச்சுக்கொண்டு போனாத் தெரியும் உன்ர வடிவு."

அந்தப் பயம் பொய் இல்லை, தர்ஷி. தமிழ்ப் பிள்ளை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், உடுப்பு முழுக்கக் கறுப்பு, இடுப்புப் பட்டியில் ஆணி ஆணியாக இரும்பு. அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று உனக்கும் தெரியும். அதுதான் ஒரு வெள்ளைச் சேர்ட்டை உன் கைப்பைக்குள் திணித்து, சந்தி வந்ததும் மேலே போட்டுக்கொள் என்று நச்சரித்தேன். நீ போடவே இல்லை. ஒருநாள் அந்தப் பெண் ஆமிக்காரி உன்னை நிறுத்தி, "ஏய் நங்கி மே ஒக்கோம களு?" என்று கேட்டாள். ஏன் தங்கச்சி எல்லாமே கறுப்பு என்று. நீ சிரித்துக்கொண்டு, "மட்ட களு லஸ்ஸனாய் நே, மிஸ்" என்றாய். எனக்குக் கறுப்புத்தானே வடிவு.

அவள் உன்னையே பார்த்தாள். அவளும் நல்ல கறுப்பு. "மமத் களுய், நங்கி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னாள். நானும் கறுப்புத்தான் என்று. துவக்கோடு நிற்கிறவளுக்கு விளங்கினது எனக்கு விளங்கவில்லை.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. அம்மாவை நான் முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அம்மாவும் உன் நிறம்தான். அப்பா வீட்டார் அவவைக் கலியாணத்தன்று மணவறையில் வைத்தே என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பா. அது உனக்கும் வரக்கூடாது என்றுதான் தரகரிடம் கொடுக்கப் படம் எடுக்க ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. சேலை, பூ, பொட்டு, எல்லாவற்றுக்கும் நீ பேசாமல் இருந்தாய். எடுத்து முடித்ததும் ஸ்ரூடியோக்காரர் கொம்பியூட்டரைத் திருப்பி, "கொஞ்சம் வெளுப்பாக்கி விடட்டோ?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தா. நான், "ஓம், செய்யுங்கோ" என்றேன்.

படம் வீட்டுக்கு வந்தபோது நீ தூரத்தில் பிடித்துப் பார்த்தாய், கிட்டப் பிடித்துப் பார்த்தாய். "ஆர் இந்தப் பிள்ளை? நல்ல பிள்ளையாக் கிடக்கு. எனக்கும் ஒருக்கா அறிமுகப்படுத்தி விடுங்கோ" என்றாய். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பதுதான் எங்கள் வீட்டு வியாதி.

மாப்பிள்ளை வருவதற்கு முதலே காய்ச்சல் வந்தது. டெங்கு. மழை விட்டு வாய்க்கால் எல்லாம் தண்ணீர் தேங்கின நேரம். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்து, இரத்தம் ஏற்றி, நாளைக்குத் தேறிவிடுவா என்று சொன்னார்கள். நீ தேறவில்லை. அதைப்பற்றி இன்னும் எழுதினால் நான் எழுத வந்ததை எழுதாமலே விட்டுவிடுவேன்.

எங்கள் ஃபிளாற்றில் சவப்பெட்டியை மேலே கொண்டுபோக ஏலாது. அதனால் பொரளைப் பக்கம் ஒரு மலர்ச்சாலையில் வைத்தோம். உடுப்பும் ஒரு படமும் கொண்டுவரச் சொன்னார்கள். காய்ச்சலில் முகம் வீங்கிப் போயிருந்தது, படத்தைப் பார்த்துத்தான் ஒப்பனை செய்வார்களாம். சித்தி கூறைச் சேலை எடுத்துத் தந்தா. கன்னிப் பிள்ளை, மணப்பெண் மாதிரித்தான் போக வேண்டும் என்றா. படம் என் பொறுப்பு.

என் போனில் ஷெரின் அனுப்பின படம் ஒன்று இருந்தது. சட்டைப் பைக்குள் ஸ்ரூடியோப் படமும் இருந்தது. நான் ஸ்ரூடியோப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கிறாயா? அம்மாவுக்கு அதுதான் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். வீடியோ எடுத்துக் கனடாவுக்குப் பெரியம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு நீட்டிய அதே கையால் மலர்ச்சாலைக்காரருக்கும் நீட்டினேன். அவ்வளவுதான்.

அவர் படத்தைப் பார்த்தார். மேசையில் கிடந்த உன்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். "மாத்தயா, மே நங்கிமத?" என்று கேட்டார். ஐயா, இது இந்தத் தங்கச்சிதானா?

மனிதர் எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்தார், தர்ஷி. இல்லை, அவள் இப்படி இல்லை, இந்தா பாருங்கள் என்று போனை எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். நான் "ஔ" என்றேன். ஓம், இதுதான் என்று.

அவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். ரோஸ் நிறத்தில் கன்னம், ரோஸ் நிறத்தில் உதடு, கோதுமை மாவு நிறத்தில் நெற்றி. கழுத்து வரைக்கும் வேறு ஒரு பெண். கை மட்டும் உன் கை. முகத்துக்கும் கைக்கும் பொருந்தவே இல்லை. வீடியோக்காரர் லைற்றைப் போட்டதும் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சேலைத் தலைப்பை இழுத்து உன் இரண்டு கைகளையும் மூடிவிட்டேன். அதற்கு மேலே பூவையும் அள்ளி வைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன்.

வந்த பெண்டுகள் எல்லாம், "என்ன வடிவாக் கிடக்கிறாள், சும்மா நித்திரை மாதிரி" என்று அழுதார்கள். உயிரோடு இருந்தபோது ஒருத்தியும் உன்னை வடிவு என்று சொன்னதில்லை.

பின்னேரம் ஷெரினும் உன் கூட்டாளிகளும் வந்தார்கள். எல்லோரும் கறுப்பு, கண்ணில் மை, நாவல்பழ உதடு. உனக்குப் பிடித்தமாதிரி வந்திருக்கிறார்கள், பாவம். வெள்ளைச் சேலைகளுக்கு நடுவில் அவர்கள் நுழைந்ததும் சித்தி, "சாவீட்டுக்கும் இந்தக் கோலமோ?" என்று என் காதில் கேட்கும்படி சொன்னா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் பெட்டிக்குக் கிட்டப் போனார்கள், குனிந்து பார்த்தார்கள், ஆளுக்கு ஆள் முழித்தார்கள். பிறகு வெளியே போய்விட்டார்கள்.

அந்த மலர்ச்சாலையில் மூன்று கூடம். பக்கத்துக் கூடத்துக்குள் போனார்கள், அங்கே ஒரு சிங்களப் பெரியவர் கிடந்தார். திரும்பி வந்து வாசலில் நின்ற என்னிடம் ஷெரின் கேட்டாள்.

"அண்ணா, தர்ஷிய எந்த ரூம்ல வெச்சிருக்கீங்க?"

அவர்கள் வெளியேறி வந்த அதே கூடத்தைக் கையால் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள்.

"அது தர்ஷி இல்லயே, அண்ணா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வழி தவறின ஆளுக்குத் திருத்திச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். உன்னிடம் விடைபெற வந்த ஒரே கூட்டம் உன்னைப் பார்க்காமலே போய்விட்டது.

பெட்டி மூட இன்னும் நேரம் இருந்தது. ஈரக் கைலேஞ்சி ஒன்று போதும், துடைத்திருக்கலாம். சித்தி என்ன சொல்லுவா, வீடியோ என்னவாகும், அம்மா தாங்குவாவா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மூடிவிட்டார்கள்.

அந்த ஸ்ரூடியோப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். விளக்கு எரிகிறது, மாலை வாடினால் மாற்றுகிறேன். ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு நான் மாலை போடுகிறேன். அம்மாவுக்காகத்தானே, அம்மாவுக்காகத்தானே என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ஷெரின் கடைக்கு வந்தாள். ஒரு வருஷமாக என்னோடு கதைக்காதவள். "திவசம் வருதுன்னு தெரியும். இது அவ. நீங்க போட்டாலும் சரி, போடாட்டியும் சரி" என்று ஒரு படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கச்சேரியன்று எடுத்தது, என் போனில் கிடந்த அதே படம். வியர்த்து, மை கொஞ்சம் கரைந்து, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பொடியனுக்குச் சொன்னதை இவளுக்குத் திரும்பச் சொல்லிக்காட்டுகிறாயாக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா பயத்தங்காய் உடைத்துக்கொண்டு இருந்தா. முன்னால் வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தா.

"எப்ப எடுத்தது இது?"

"அந்தப் பாட்டுக் கச்சேரிக்குப் போன அண்டைக்கு."

"ஆள் என்ன மினுங்கு மினுங்கிறாள்" என்றா. விரலால் உன் கன்னத்தைத் தடவினா. அழுவா என்று நினைத்தேன், அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தா.

"தம்பி, அண்டைக்குப் பெட்டிக்குள்ள கிடந்தது ஆர்?"

நான் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"பார்த்தனான். எனக்குப் பிடிபடேல்ல. செத்தா முகம் மாறும் எண்டு சனம் சொல்லும், அதாக்கும் எண்டு இருந்திட்டன். எல்லாரும் அழ நானும் அழுதனான். ஆரின்ரையோ பிள்ளைக்கு அழுதிட்டு வந்தமாதிரி இருந்துது." படத்தைத் தட்டிக் காட்டினா. "இது உன்னட்டை இருந்துதோ அப்ப?"

"போனில இருந்துது."

"ஏன் குடுக்கேல்ல?"

"உங்களுக்கு மற்றதுதான் விருப்பம் எண்டு நினைச்சன், அம்மா."

"என்னைக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, தர்ஷி.

"வெளுப்பாக்கினது ஊருக்குக் காட்ட, தம்பி. நானும்தான் ஓமெண்டு நிண்டனான், எனக்குத் தெரியும். செத்த பிள்ளையை ஆருக்குக் காட்ட?" அம்மாவின் குரல் அங்கேதான் உடைந்தது. "என்ர பிள்ளைக்கு நான் இன்னும் அழேல்ல."

பிறகு அழுதா. மலர்ச்சாலையில் அழுதது அழுகையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயத்தங்காய் எல்லாம் நிலத்தில். ஒரு வருஷமாக அம்மாவின் பெயரைச் சொல்லி நான் மறைத்து வைத்திருந்தது அம்மாவின் பிள்ளையைத்தான். அம்மாவைக் கட்டிப் பிடிக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

நேற்றுப் பத்திரிகைக் கந்தோருக்குப் போனேன். விளம்பரம் எடுக்கிற தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது அச்சில நல்லா இருண்டு விழும். கொஞ்சம் வெளிச்சமாக்கி விடட்டோ?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். எல்லோரும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள்.

"வேண்டாம். பிள்ளை அந்த நிறம்தான்" என்றேன். சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. அதுதான் நேற்று முழுக்க என்னைப் போட்டுக் கொன்றது. இவ்வளவு சுலபமான வேலையையா நான் உனக்குச் செய்யாமல் விட்டேன்?

திவசத்துக்கு ஷெரினையும் மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறேன். கறுப்பிலேயே வரச் சொல்லியிருக்கிறேன், உதடு உட்பட. அன்று வெள்ளிக்கிழமை என்று அம்மாவுக்கு நினைவூட்டினேன், "வரட்டும்" என்றா. சித்தி வாயைத் திறந்தால் பதில் சொல்லப்போவது நான். அம்மாவின் பின்னால் இனி ஒளியமாட்டேன். சுவரில் இருக்கிற அந்த முகம் தெரியாத பிள்ளையை அதற்கு முன்னமே இறக்கிவிடுவேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

ஆனால் எரிந்துபோனது அந்த ரோஸ் முகம்தான், தர்ஷி. அதைத் திருப்பி எடுத்துத் துடைக்க எனக்கு வழி இல்லை. நீ எங்கே போய்ச் சேர்ந்தாயோ, அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது வாசலில் நின்றிருந்தால், அடையாளம் கண்டுபிடித்திருப்பார்களா?

ஓம் என்று சொன்ன
உன் அண்ணா